வாடகைக்கு இருக்கும் நிறுவனங்களை மின்சாரம் மிச்சம் பிடிக்க வைப்பது எப்படி?

தரமணி_மேலாளர்

வணக்கம். தரமணிப் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். தரைத்தளத்தில் வங்கிக் கிளையும் உணவகமும் இருக்கின்றன. மேலே மென்பொருள், கணக்கு, காப்பீடு என்று பல நிறுவனங்கள். விளக்குக்கும் பிளக் பாயிண்டுக்கும் ஒவ்வொரு தளத்திலும் தனி மீட்டர் உண்டு. ஆனால் சில்லர், அதாவது ஏசிக்காகத் தண்ணீரைக் குளிர்விக்கும் மைய இயந்திரம், எல்லாருக்கும் பொது. ஏசிக்கு ஆகும் மின்சாரம் பொதுக்கணக்கில் சேர்ந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் கட்டணத்தில் பிரிந்துவிடுகிறது. மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடும் நிறுவனமும் இரவு பத்து வரை ஏசி கேட்கும் நிறுவனமும் சதுர அடிக்கு ஒரே தொகைதான் கட்டுகின்றன.

இப்போது உரிமையாளர் தரப்பில் 'விழிப்புணர்வு வாரம்' நடத்தச் சொல்கிறார்கள். சுவரொட்டி, உறுதிமொழி, வினாடி வினா, பரிசு. 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்ற ஸ்டிக்கர் ஏற்கெனவே எல்லா சுவிட்ச் பலகையிலும் இருக்கிறது. அதே பலகையில் விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. இன்னொரு ஸ்டிக்கரால் என்ன நடந்துவிடும் என்று எனக்குத் தெரியவில்லை.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த உச்சத்தில் எங்களைப் போன்ற கண்ணாடிக் கட்டடங்களுக்கும் பங்கு இருக்கிறது. எங்கோ ஒரு வீட்டில் மின்விசிறி நின்றுபோகும் வெயிலில் இங்கே ஆளில்லாத கூட்ட அறை குளிர்ந்து கிடப்பது மனதை உறுத்துகிறது. உள்ளே இருப்பவர்களை உண்மையிலேயே மாறவைத்த எதையாவது நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

பெருங்குடி_வாசகி

ஐயா, முதலில் எங்களைக் கேளுங்கள். வெளியே தார் உருகும் மே மாதத்தில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறேன். என் வரிசையில் பெண்கள் உட்காரும் நாற்காலிகளில் பாதிக்கு மேல் ஒரு சால்வை தொங்கும். காற்று வரும் துளையை அட்டை வைத்து அடைத்தவர்கள் உண்டு. அடைத்தால் அந்தக் குளிர் பக்கத்து இருக்கைக்காரர் தலையில் இறங்குகிறது. அவர் புகார் செய்கிறார், அட்டையைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

சுவரில் குளிரின் அளவை மாற்றும் தெர்மோஸ்டாட் இருக்கிறது, அதன் மேல் பூட்டிய பிளாஸ்டிக் பெட்டியும் இருக்கிறது. அட்மினிடம் சொன்னால் "அது கட்டடக்காரர்கள் கையில்" என்கிறார்கள். கட்டடக்காரர்களைக் கேட்டால் "உங்கள் நிறுவனம் கேட்ட அளவுதான்" என்கிறார்கள்.

2015-இல் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் கிங்மா, வூட்டர் வான் மார்க்கன் லிக்டன்பெல்ட் என்ற இருவர் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அலுவலக வெப்பநிலைக்கான தர அளவு, 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை வைத்துப் போடப்பட்டது; பெண்களின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை அது 35 சதவீதம் வரை கூட்டிக் கணக்கிடுகிறது என்று காட்டினார்கள். கலந்துகொண்டவர்கள் 16 இளம்பெண்கள்தான், சிறிய ஆய்வு என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் தளத்துக்கு ஒரு மதியம் வந்து சால்வைகளைப் பாருங்கள் என்பேன்.

நடுங்கிக்கொண்டிருப்பவர்களிடம் வந்து சேமிப்பு உறுதிமொழி கேட்டால் கோபம்தான் வரும். எங்கள் தளத்தில் 'குளிரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று நாங்கள்தான் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

ஓய்வுபெற்ற_தணிக்கையாளர்

மேலாளர் அவர்களுக்கு: பகலில் யார் என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். நள்ளிரவு ஒரு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியமும் மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதிவையுங்கள். நான் ஆற்றல் தணிக்கைக்குப் போன எந்தக் கட்டடத்திலும் அதைத்தான் முதலில் கேட்பேன். ஆளே இல்லாத நேரத்தில் ஓடும் சுமைக்காக யாரும் வசதியைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. அதனால் அங்கே எதிர்ப்பும் இல்லை.

24 டிகிரி பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது கேட்பீர்கள். 2018 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சகம் வணிகக் கட்டடங்களில் ஏசியை 24 டிகிரிக்கு மேல் வைக்கப் பரிந்துரைத்தது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது அப்போது சொன்ன கணக்கு. 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏசிகள் போட்டவுடன் 24-இல் தொடங்க வேண்டும் என்பதும் விதியாகிவிட்டது. ஆனால் அந்த விதி அறை ஏசிக்கு. பொது சில்லர் உள்ள கட்டடத்தில் அவசரப்பட்டு குளிர்நீரின் வெப்பநிலையைக் கூட்டிவிடாதீர்கள். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்நீர் போதிய அளவு குளிராக இல்லாவிட்டால் ஈரம் பிரியாது. அறை 25 டிகிரி காட்டும், உடம்பு பிசுபிசுக்கும். மறுநாளே எல்லாரும் உங்களைத் திட்டுவார்கள், திட்டமும் அத்தோடு முடிந்துபோகும்.

வெப்பநிலையை அளக்கும் சென்சார் எங்கே மாட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். வெயில் விழும் சுவரிலோ பிரிண்டருக்குப் பின்னாலோ இருந்தால், அது காட்டும் பொய்க் கணக்குக்காக முழுத்தளமும் உறையும்.

தரமணி_மேலாளர்

ஐயா சொன்னபடியே இரவில் மீட்டர்களைப் பார்த்தோம். இரவு ஷிப்டே இல்லாத இரண்டு தளங்கள் கணிசமாக இழுத்துக்கொண்டிருந்தன. அணைக்காத கணினிகள், வரவேற்பறைத் திரைகள், பேன்ட்ரியில் வெந்நீர் இயந்திரம், பெயர்ப்பலகை விளக்கு. இவை எதிர்பார்த்தவைதான். எதிர்பார்க்காதது, ஒரு தளத்தின் ஏ.எச்.யூ. (குளிர்நீரால் காற்றைக் குளிர்வித்துத் தளத்துக்குள் அனுப்பும் இயந்திரம்) 'மேனுவல்' நிலையில் கிடந்தது. எப்போதோ ஒருநாள் அந்த நிறுவனம் இரவு ஏசி கேட்டிருக்கிறது. ஆபரேட்டர் மேனுவலுக்கு மாற்றிவிட்டார், திரும்ப ஆட்டோவுக்கு யாரும் மாற்றவில்லை. அன்றிலிருந்து காற்று ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

இதை அந்த நிறுவனத்தாரிடம் காட்டியபோது அவர்கள் உண்மையாகவே அதிர்ந்தார்கள். "எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார் அவர்களின் அட்மின். சரியான கேள்வி. இரவில் அவர்கள் தளம் எவ்வளவு இழுக்கிறது என்று இதுவரை அவர்களுக்கு யாரும் காட்டியதே இல்லை.

சிட்னி_செல்வம்

நீங்கள் சொல்லும் சிக்கலுக்கு ஆஸ்திரேலியாவில் ஓரளவு வழி கண்டிருக்கிறார்கள். இங்கே நேபர்ஸ் என்ற தரமதிப்பீடு உண்டு. 1998-இல் நியூ சவுத் வேல்ஸில் வேறு பெயரில் தொடங்கியது. வடிவமைப்பு எவ்வளவு அழகு என்று பார்க்காமல் 12 மாத மின்பயன்பாட்டை வைத்து நட்சத்திரம் தருவார்கள். ஆறு நட்சத்திரம் உச்சம்.

உங்களுக்கு உதவக்கூடியது அவர்கள் கணக்கைப் பிரித்த விதம். சில்லர், லிஃப்ட், பொது விளக்கு ஆகியவை கட்டட உரிமையாளரின் நட்சத்திரம். தளத்துக்குள் இருக்கும் விளக்கு, கணினி, பேன்ட்ரி ஆகியவை வாடகைதாரரின் நட்சத்திரம். யார் கையில் எது இருக்கிறதோ அதற்கு அவர் பொறுப்பு. 2010-இல் வந்த சட்டப்படி 2,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலக இடத்தை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் நட்சத்திரத்தை வெளிப்படுத்தியாக வேண்டும். 2017-இல் அந்த வரம்பை 1,000 சதுர மீட்டராக இறக்கினார்கள். விளம்பரத்திலேயே நட்சத்திரம் இருப்பதால், குறைந்த நட்சத்திரக் கட்டடத்துக்கு நல்ல வாடகைதாரர் கிடைப்பது கடினம். உரிமையாளர் தானாகவே சில்லரைக் கவனிக்கத் தொடங்குகிறார்.

அண்ணாசாலை_அட்மின்

வாடகைதாரர் தரப்பிலிருந்து ஒரு குரல். நான் ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே 22 டிகிரி, ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம் என்று எழுதியிருக்கிறது. அது மீறினால் நாங்கள் கட்டடக்காரர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது தலைமை அலுவலக உத்தரவு. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பழைய ஒப்பந்தத்திலிருந்து அப்படியே எடுத்தது என்பார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். எங்கள் தளம் ஏன் குளிர்கிறது தெரியுமா? மேற்குக் கண்ணாடியை ஒட்டி உயர் அதிகாரியின் அறை இருக்கிறது. பிற்பாடு தடுப்பு வைத்து உண்டாக்கிய அறை அது. மூன்று மணிக்கு மேல் அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். அவர் போன் செய்வார், ஆபரேட்டர் தளம் முழுவதற்கும் வெப்பநிலையைக் குறைப்பார். ஓர் அறையின் வெயிலுக்காக ஐம்பது பேர் சால்வை போர்த்துகிறார்கள். அந்தக் கண்ணாடிக்குச் சூரிய வெப்பத்தைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டி, அவர் அறைக்குத் தனியாக ஒரு விசிறி வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். இன்னும் அனுமதி வரவில்லை.

பெருங்குடி_வாசகி

அட்மின் சார், இதை வெளியே சொன்னதற்கு நன்றி. அதிகாரிகளின் உடையும் இதில் ஒரு காரணம். கோட்டு, முழுக்கைச் சட்டை, ஷூ என்று வருபவர் கையில் ரிமோட் இருந்தால் மெல்லிய பருத்தி உடுத்தியவர் நடுங்குவார்.

2005-இல் ஜப்பானில் 'கூல் பிஸ்' தொடங்கியபோது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர் கோய்கே யூரிகோ. கோடையில் அலுவலகங்களை 28 டிகிரியில் வைக்கச் சொன்னார்கள். ஆனால் முதலில் டையையும் கோட்டையும் கழற்றச் சொன்னார்கள், அதையும் மேலிருந்து தொடங்கினார்கள். பிரதமர் கொய்ஸுமியே டை இல்லாமல் வந்தார். அதிகாரி கழற்றினால்தான் கீழே இருப்பவர் கழற்றத் துணிவார். புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு 2011 கோடையில் தோக்கியோ, தோஹோக்கு வட்டாரங்களில் 500 கிலோவாட்டுக்கு மேல் ஒப்பந்தம் உள்ளவர்கள் 15 சதவீதம் குறைத்தாக வேண்டும் என்று சட்டப்படி உத்தரவே வந்தது. ஏற்கெனவே உடைப் பழக்கம் மாறியிருந்ததால் அந்தக் கோடையைத் தாங்குவது அவர்களுக்குக் கொஞ்சமாவது எளிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

28 நமக்கு வேண்டாம். அங்கேயே அதைப் பற்றி முணுமுணுப்பு உண்டு. ஆனால் 22 யாருக்கு வேண்டும்?

நடத்தையியல்_மாணவி

எத்தனை டிகிரி கூட்டுவது என்பதற்கு ஓர் ஆய்வு உதவும். பாரிஸில் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் அலுவலகத்தில் குளிர்காலத்தில் தெர்மோஸ்டாட்டின் இயல்பு அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். ஊழியர்கள் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு டிகிரி குறைத்தபோது பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டு டிகிரி குறைத்தபோது குளிர் உறைத்தது, கைவைத்துத் திருப்பிவிட்டார்கள். ஆக ஒரு டிகிரியில் கிடைத்த பலன் இரண்டு டிகிரியில் கிடைக்கவில்லை. அவர்களுடையது சூடேற்றும் அலுவலகம், நம்முடையது குளிரூட்டும் அலுவலகம். இருந்தாலும் சிறிய அடியாக வைக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

அப்புறம், யாராவது 'எந்தத் தளம் முதலிடம்' என்று பட்டியல் ஒட்டலாம் என்பீர்கள். கவனம். 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில் கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் ஊரில் வீடுகளுக்கு அக்கம்பக்கத்தாரின் சராசரி மின்செலவைச் சீட்டில் எழுதிச் சொன்னார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். ஏற்கெனவே குறைவாகச் செலவழித்தவர்களோ சராசரியை நோக்கிக் கூட்டிவிட்டார்கள்! அவர்களுடைய சீட்டில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்து பாராட்டியதும் அந்தக் கூடுதல் நின்றது. சராசரியை மட்டும் ஒட்டினால் உங்கள் நல்ல தளங்கள் கெட்டுப்போகும்.

ஓய்வுபெற்ற_தணிக்கையாளர்

தளங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவதே நியாயமில்லை அம்மா. கால் சென்டரும் கணக்கு அலுவலகமும் ஒன்றாகுமா? ஒருவர் மூன்று ஷிப்ட், இன்னொருவர் ஒன்று. மேற்கே பார்த்த தளம் எத்தனை முயன்றாலும் வடக்கே பார்த்த தளத்தை முந்தாது. தோற்பது உறுதி என்று தெரிந்தவர்கள் முயற்சியைக் கைவிட்டுவிடுவார்கள். ஒவ்வொரு தளத்தையும் அதனுடைய பழைய கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நடத்தையியல்_மாணவி

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. அதோடு ஒரு பாராட்டு வரியும் சேர்த்தால் போதும்.

கொழும்பு_யாழ்மகள்

2022 மார்ச் இறுதியில் எங்களுக்கு ஒருநாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. மின்பிறப்பாக்கிக்கு டீசலும் இல்லை. அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தில் என்ன நடந்தது என்றால், டீசல் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதைக் காவலாளி ஒரு வெள்ளைப் பலகையில் வாசலில் எழுதிவைப்பார். உள்ளே வரும் ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். யாரும் சொல்லாமலே வளிச்சீராக்கியை (ஏசியை) நிறுத்தினார்கள், மாடிக்குப் படியால் ஏறினார்கள், மேசையை யன்னல் பக்கம் நகர்த்தினார்கள். பலகையில் இருந்த எண் எல்லாருக்கும் விளங்கியது, எல்லாருக்கும் சொந்தமாகவும் இருந்தது.

நெருக்கடி தீர்ந்ததும் பலகையும் போய்விட்டது. வளிச்சீராக்கி பழையபடி காலையிலிருந்து ஓடுகிறது. அந்தக் காலம் திரும்ப வர வேண்டாம், ஆனால் பலகையை எடுத்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் எங்கள் நிர்வாகத்திடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

துப்புரவு_மேற்பார்வை

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எந்தத் தளத்தில் விளக்கு விடிய விடிய எரிகிறது, எந்த அறையில் ஏசி ஓடுகிறது, யார் கணினியை அணைக்காமல் போகிறார் என்று எங்கள் பெண்களுக்கும் செக்யூரிட்டிக்கும் நன்றாகத் தெரியும். எங்களை யாரும் கேட்பதில்லை.

ஒருமுறை எங்கள் ஊழியர் ஒருவர் ஆளில்லாத அறையின் விளக்கையும் சுவிட்சையும் அணைத்தார். அதில் ஏதோ ஒரு கருவி ஓடிக்கொண்டிருந்ததாம். மறுநாள் அவரை வேலையை விட்டே எடுக்கச் சொன்னார்கள். நான் மன்றாடி வேறு கட்டடத்துக்கு மாற்றினேன். அதன் பிறகு எங்கள் ஆட்கள் யாரும் எந்த சுவிட்சையும் தொடுவதில்லை. அவர்களை நான் எப்படிக் குறை சொல்வது?

அணைக்கலாம் என்பதற்குப் பச்சை, தொடக்கூடாது என்பதற்குச் சிவப்பு என்று சுவிட்சுகளில் அடையாளம் வையுங்கள். பச்சையை அணைத்தால் எங்கள் ஆளுக்கு எந்தத் தண்டனையும் வராது என்று எழுத்தில் கொடுங்கள். அது போதும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இன்னொன்று. துப்புரவை இரவு எட்டு மணிக்குப் பிறகு செய்யச் சொல்கிறீர்கள். எங்களுக்காகத் தளம் முழுவதும் விளக்கு எரிகிறது. மாலை நான்கு மணிக்குச் செய்ய விட்டால் விளக்கும் மிச்சம், எங்கள் பெண்கள் வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேர்வார்கள்.

சிட்னி_செல்வம்

அக்கா, இந்த இழையிலேயே முக்கியமான பதிவு உங்களுடையது. பகல் துப்புரவு இங்கேயும் பல கட்டடங்களில் உண்டு. துப்புரவு செய்பவரின் முகம் தெரிந்தால் ஊழியர்களும் மேசையைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறார்கள்.

சிங்கை_வளவன்

விசிறி பற்றி அட்மின் சொன்னதைத் தொட்டு ஒன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019-இல் எஸ்.டி.இ.4 என்ற கட்டடம் திறந்தார்கள். அங்கே குளிரூட்டிய காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாகவே விடுகிறார்கள். மீதி வேலையைக் கூரை விசிறி செய்கிறது. நம் ஊர்களின் புழுக்கத்தில் காற்று உடம்பில் பட்டாலே இரண்டு டிகிரி குறைந்ததுபோல இருக்கும். விசிறியின் வேகத்தை ஊழியரே கூட்டிக் குறைக்கலாம். பூட்டிய பெட்டிக்குள் தெர்மோஸ்டாட்டை வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். தன் கையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது என்றால் மனிதர் 25 டிகிரியையும் ஏற்றுக்கொள்வார்.

ஒரே தடை, விசிறி இருந்தால் அலுவலகம் பழையதுபோல் தெரிகிறது என்று உள்ளலங்காரக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கு வளைந்து கொடுக்காதீர்கள்.

தரமணி_மேலாளர்

எல்லாருக்கும் நன்றி. விழிப்புணர்வு வாரத்துக்கு ஒதுக்கிய பணத்தை வேறு வகையில் செலவழிக்க உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒவ்வொரு தளத்தின் ஏ.எச்.யூ.வுக்கும் சப்-மீட்டரும், குளிர்நீர்க் குழாயில் ஒவ்வொரு தளமும் எவ்வளவு குளிரை எடுக்கிறது என்று அளக்கும் பி.டி.யு. மீட்டரும் பொருத்துவது முதல் வேலை. அது முடிந்ததும் ஏசி செலவைச் சதுர அடியை விட்டு மீட்டர் கணக்குக்கு மாற்றலாம். புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்களில் 22-ஐ எடுத்துவிட்டு 24 முதல் 26 வரை என்று போடக் கேட்டிருக்கிறேன். இரண்டு நிறுவனங்கள் பேச ஒப்புக்கொண்டிருக்கின்றன, ஒன்று மறுத்துவிட்டது. மறுத்தவர்களை விட்டுவிடப் போவதில்லை. அவர்களுடைய இரவுக் கணக்கை எடுத்துக்கொண்டு மறுபடி போவேன். மற்ற தளங்களில் ஒரு டிகிரி மட்டும் கூட்டி, புகார் வருகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த டிகிரி.

மேனுவலில் போடும் எந்த ஏ.எச்.யூ.வும் காலையில் தானாக ஆட்டோவுக்குத் திரும்பும்படி பி.எம்.எஸ். என்ற கட்டடக் கட்டுப்பாட்டுக் கணினியில் மாற்றிவிட்டோம். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. லிஃப்ட் வாசலில் ஒவ்வொரு தளத்தின் முந்தைய இரவுக் கணக்கையும் எழுதும் பலகை வரப்போகிறது, கொழும்புத் தங்கைக்கு நன்றி.

ஓய்வுபெற்ற_தணிக்கையாளர்

நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை. மே மாதக் கணக்கையும் டிசம்பர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மிச்சம் பிடித்துவிட்டோம் என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். போன ஆண்டு அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், எத்தனை பேர் அலுவலகம் வந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பாதிப்பேர் வீட்டிலிருந்து வேலை பார்த்த மாதத்தின் மிச்சத்தை உங்கள் மிச்சமாகக் காட்டினால், அடுத்த ஆண்டு உரிமையாளர் உங்களை நம்பமாட்டார்.

துப்புரவு_மேற்பார்வை

சார், பச்சை, சிவப்பு விஷயம் பட்டியலில் இல்லையே?

தரமணி_மேலாளர்

அதைத் தனிக் கடிதமாகவே போட்டிருக்கிறேன் அம்மா. உங்களைப் போன்ற மேற்பார்வையாளர்கள், செக்யூரிட்டி, வாடகைதார அட்மின்கள் மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டிய கடிதம். தமிழிலும் இந்தியிலும் அச்சிட்டு ஒவ்வொரு தளத்தின் மின்பலகை அறையிலும் ஒட்டுவோம். சிவப்பு எது என்று அந்தந்த நிறுவனமே குறித்துக் கொடுக்க வேண்டும், குறிக்காததெல்லாம் பச்சை. மாலை நான்கு மணித் துப்புரவை வரும் திங்கள் முதல் இரண்டு தளங்களில் தொடங்குகிறோம்.